வாசகர் கேள்வி–பதில்: பாரிஸில் கேட்கிறார்கள், கொழும்பில் ஏன் கேட்பதில்லை?

‘குக்கி’ என்பது, வந்தவர் யார் என்று நினைவில் வைக்க இணையத்தளங்கள் நம் கணினியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பு. அதற்கு நம் அனுமதியைக் கேட்டு அவை காட்டும் அறிவிப்புகளைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இப்பகுதியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். அவற்றுட் சில, இரண்டு வரிகளில் பதில் கூறி நகர்ந்துவிடக் கூடியவையும் அல்ல. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். விடயம் அந்தரங்கம் பற்றியது என்பதால், எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் மகள் பாரிஸில் இருக்கிறாள். அவளுடன் தங்கியிருந்தபோது ஓர் ஆங்கிலச் செய்தித் தளத்தைத் திறந்தால், ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டு பொத்தான்கள் முதலில் வந்து நிற்கும். ஊர் திரும்பி வீட்டுக் கணினியில் அதே தளத்தைத் திறந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இலங்கையில் இருப்பவர்களுக்குக் குக்கி வைப்பதில்லையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி)

பதில்: வைக்கிறார்கள், ஐயா. கேட்பதில்லை, அவ்வளவுதான். உங்கள் கடிதத்தைப் படித்தபின், அப்படிப்பட்ட தளம் ஒன்றை எந்தக் குக்கியும் இல்லாத வெற்று உலாவியில் நானும் கொழும்பிலிருந்து திறந்து பார்த்தேன். பொத்தான் எதுவும் வரவில்லை. ஆனால், தலைப்புச் செய்தியை நான் வாசித்து முடிப்பதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட குக்கிகள் என் கணினியில் வந்து சேர்ந்திருந்தன. அவற்றுள் அந்தச் செய்தித் தளத்துக்குச் சொந்தமானவை நான்கோ ஐந்தோதான். எஞ்சியவை எல்லாம் நான் பெயர்கூடக் கேள்விப்படாத விளம்பர நிறுவனங்களுடையவை.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்பதை உங்கள் இணைப்பின் ஐ.பி. முகவரியைக் கொண்டு தளங்கள் ஏறத்தாழக் கணித்துவிடும். சட்டம் கட்டாயப்படுத்தும் நாட்டிலிருந்து வந்தால் அனுமதி கேட்கும். இல்லாவிட்டால் கேட்காமலே வைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் மின்னணுத் தொடர்பாடலின் அந்தரங்கம் குறித்து ஒரு பணிப்புரையை இயற்றியபோது, பயனருக்கு விளக்கம் கொடுத்து மறுக்கும் உரிமையையும் அளித்தால் போதும் என்றுதான் இருந்தது. 2009இல் அதைத் திருத்தி, முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும் என்று ஆக்கினார்கள். அப்பணிப்புரையின் 5(3)ஆம் உறுப்புரை குக்கியை மட்டும் பற்றியதன்று. பயனரின் கருவியில் தகவலைச் சேமிப்பதற்கும், அங்கே சேமிக்கப்பட்டிருப்பதை எடுப்பதற்கும் அவரது சம்மதம் வேண்டும் என்பதே அதன் சாரம். சம்மதம் என்றால் என்ன என்பதை 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி வரையறுத்தது: சுதந்திரமாக, குறிப்பான நோக்கத்துக்காக, விளங்கிக்கொண்டு, ஐயத்துக்கு இடமின்றித் தரப்பட்டதே சம்மதம். முன்கூட்டியே சரி அடையாளம் இடப்பட்ட கட்டத்தை ஒருவர் அழிக்காமல் விட்டுவிட்டார் என்பது சம்மதமாகாது என்று, ஜெர்மன் பரிசுப் போட்டித் தளமொன்றின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஒக்டோபர் 1ஆம் திகதி தீர்ப்பளித்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுடன் பாரிஸில் நின்ற உங்களுக்கு அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடன் விடுமுறைக்குப் பம்பலப்பிட்டிக்கு வரும் உங்கள் பேரப்பிள்ளைகளிடம், இங்கே இருக்கும்வரை, அதே தளம் அதைக் கேட்காது. ஆள் மாறவில்லை, குக்கியும் மாறவில்லை. கேட்காமல் விட்டால் தண்டம் விழுமா என்ற கணக்கு மட்டுமே மாறுகிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோரும் பாவிப்பது ஒரே டெப். திருமணமாகி ஐந்து வருடங்கள் ஆகின்றன. கருத்தரிப்புச் சிகிச்சை பற்றி அதில் இரண்டு மூன்று இரவுகள் வாசித்தேன். கணவருக்கு மட்டுமே தெரியும். மூன்றாம் நாள் மாமி சமையற்குறிப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தின் நடுவில் கருத்தரிப்பு நிலையத்தின் விளம்பரம் வந்திருக்கிறது. “பிள்ளை, இது ஏன் எனக்கு வருது?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் யாருக்கும் சொல்லாதது எப்படி வெளியே போனது?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. நடந்தது என்னவென்று சற்று விரிவாகவே சொல்கிறேன். விளங்கிக்கொண்டால் தடுப்பது எளிது.

கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்தால் ஒரு தகட்டில் இலக்கம் தருவார்கள் அல்லவா? உங்கள் பெயரையோ ஊரையோ அவர் கேட்பதில்லை. திரும்பி வந்து இலக்கத்தைக் காட்டினால் உங்கள் செருப்பு எது என்று அவருக்குத் தெரியும். குக்கி என்பதும் அதுபோன்ற இலக்கத் தகடுதான். இணையத்தளத்துக்கு இயல்பாக ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், முன்பு வந்தவர்தான் இவர் என்பது அதற்குத் தெரியாது. கடைத் தளத்தில் கூடைக்குள் போட்ட பொருள் அடுத்த பக்கத்தில் மறைந்துவிடும். அந்தக் குறையைத் தீர்ப்பதற்காக 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி கண்ட வழியே குக்கி. திறந்து பார்த்தால் அது மிகச் சிறியது: ஒரு பெயர், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட கோவை, எந்தத் தளத்துக்கு உரியது என்ற குறிப்பு, காலாவதித் திகதி. நான்காயிரம் எழுத்துக்குச் சற்று மேல் அதற்குள் அடங்காது. உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இனி, ஊரிலுள்ள எல்லாக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கடை, மருத்துவமனை வாசல்களிலும் தகடு கொடுப்பவர் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் உங்களுக்கு அதே இலக்கத்தைத்தான் தருகிறார். பெயர் தெரியாவிட்டாலும், 4417ஆம் இலக்கக்காரர் திங்கள் இரவு எங்கே போனார், செவ்வாய் இரவு எங்கே போனார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதெல்லாம் அவரது கொப்பியில் ஏறிவிடும். மூன்றாம் தரப்புக் குக்கி என்பது இதுதான். நீங்கள் வாசித்த சிகிச்சைத் தளத்திலும், மாமி பார்த்த சமையல் தளத்திலும் ஒரே விளம்பர வலையமைப்பின் துண்டு நிரல், அதாவது பக்கத்துக்குள் மறைவாக இயங்கும் சிறு கணினிக் கட்டளைத் தொகுப்பு, இருந்திருக்கிறது. சமையல் தளம் திறந்தவுடன், அந்த டெப்பின் இலக்கத்தைப் பார்த்த வலையமைப்பு, “இவருக்கு எந்த விளம்பரம் பொருந்தும்” என்று ஒரு நொடிக்குள் ஏலம் விட்டிருக்கும். டெப்பை இப்போது கையில் வைத்திருப்பது மருமகளா மாமியா என்பது அந்த ஏலத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் நீங்கள் வாசித்த பக்கம் உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டது. உடல்நலத் தகவல் விளம்பர நிறுவனங்களுக்குப் போவது கற்பனையல்ல. மருந்து விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் குட்ஆர்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், பயனர்களின் மருந்து, நோய் விபரங்களை பேஸ்புக், கூகுள் முதலியவற்றுடன் பகிர்ந்ததற்காக அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 2023இல் அதன்மீது நடவடிக்கை எடுத்தது, 1.5 மில்லியன் டொலர் தண்டமும், விளம்பரத்துக்காக உடல்நலத் தரவைப் பகிர்வதற்குத் தடையும் விதிக்கப்பட்டன.

செய்ய வேண்டியவை: டெப்பின் அமைப்புகளுக்குள் ‘பயனர்கள்’ என்ற பகுதி இருந்தால், உங்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கடவுக்குறி இடுங்கள். உலாவியின் அந்தரங்க அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கும் தெரிவை இயக்குங்கள். இதுவரை சேர்ந்தவற்றை ஒருமுறை முழுவதுமாக அழித்துவிடுங்கள். கூகுள் கணக்கின் விளம்பர அமைப்புகளில், தனிப்பயனாக்கிய விளம்பரங்களை நிறுத்தும் வசதியும், கர்ப்பம், குழந்தை வளர்ப்புத் தொடர்பான விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லும் வசதியும் உண்டு. மாமிக்கு என்ன பதில் சொல்வது என்பதை நான் சொல்ல முடியாது. சொல்லவே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது உங்கள் உரிமை. அந்த முடிவை உங்களிடமிருந்து ஒரு விளம்பரம் பறித்துக்கொண்டது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கேள்வி: நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஐரோப்பியச் சட்டத்தால் உலகத்துக்குக் கிடைத்தது ஒவ்வொரு தளத்திலும் ஒரு பொத்தானை அழுத்தும் வேலை மட்டுமே. யாரும் வாசிப்பதில்லை, எல்லோரும் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டுப் போகிறார்கள். சட்டம் தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்வதுதானே நேர்மை? உலாவியிலேயே ஒருமுறை சொல்லிவிட்டால் போதாதா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியுடன் முழுக்க உடன்படுகிறேன். முதற்கூற்றுடன் உடன்பட முடியவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஐரோப்பாவில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் அவரது கைத்தொலைபேசித் திரையை எனக்குக் காணொளி அழைப்பில் பகிரச் சொல்லி, பயணச் செய்திகள் தரும் தளமொன்றில் குக்கிகளை மறுத்துக் காட்டும்படி கேட்டேன். ஏற்பதற்கு ஒரே தட்டல். பச்சை நிறத்தில் பெரிய பொத்தான். மறுப்பதற்கு, முதலில் சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்தில் இருந்த ‘தெரிவுகளை நிர்வகி’ என்பதைத் தேடித் தட்டினார். நோக்கங்களின் பட்டியல் ஒன்று வந்தது. அங்கே எல்லாம் அணைந்திருந்தன. முடிந்தது என்று நினைத்தோம். பக்கத்திலே ‘நியாயமான நலன்’ என்று இன்னொரு தாவல் இருந்தது. சம்மதம் கேட்காமலே தரவைப் பாவிக்க நிறுவனங்கள் காட்டும் காரணத்தின் பெயர் அது. அதைத் தட்டினால், அங்கே எல்லாம் இயங்கிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றாக அணைத்தார். அதற்குக் கீழே ‘பங்காளர்கள்’ என்று நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பெயர்கள். பெருவிரல் வலிக்கும்வரை உருட்டி, அடியில் இருந்த ‘தெரிவை உறுதிசெய்’ என்பதைக் கண்டுபிடித்தபோது, பதினொரு தட்டல்களும் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களும் ஆகியிருந்தன. “இதற்கு ஏற்றுக்கொண்டே விட்டிருக்கலாம்” என்றார் அவர்.

அவரை அப்படிச் சொல்ல வைப்பதற்காகவே அந்தத் திரை அமைக்கப்பட்டிருக்கிறது என்பது என் துணிபு. பதினொரு தட்டலைக் கேட்டது சட்டமன்று. மறுப்பது ஏற்பதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்பதுதான் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு அச்சட்டத்துக்குக் கொண்ட பொருள். ஒரு தட்டலில் ஏற்கவும் பல தட்டல்களில் மறுக்கவும் வைத்ததற்காக அது கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்து, 2022 ஜனவரியில் அதை அறிவித்தது. அதன்பின்னர் ‘அனைத்தையும் மறு’ என்ற பொத்தான் ஐரோப்பாவில் அந்நிறுவனங்களின் முதற்திரைக்கே வந்தது. பம்பலப்பிட்டி ஆசிரியர் பாரிஸில் கண்ட இரண்டாவது பொத்தான் இப்படிப் போராடிப் பெறப்பட்டதுதான். சட்டம் அமுலாக்கப்பட்ட இடத்தில் அது வேலை செய்திருக்கிறது. அமுலாக்கம் மெதுவாகவும் அரைகுறையாகவும் நடந்த இடங்களிலேயே மற்ற நிறுவனங்கள் மறுப்பதை எரிச்சலூட்டும் வேலையாக்கி வைத்தன. அந்த எரிச்சலைச் சட்டத்தின் கணக்கில் எழுதுவது சரியல்ல.

உலாவியில் ஒருமுறை சொல்வது என்பது பழைய யோசனை. மிக நல்ல யோசனை. அதற்கு நேர்ந்த கதையை உங்களைப் போன்ற துறைசார்ந்தவர்கள் மறக்கக் கூடாது. 1997 பெப்ரவரியில் வெளிவந்த குக்கிக்கான முதல் தொழில்நுட்ப வரையறை, மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலாவிகள் இயல்பாகவே அனுமதிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. அன்றைய பெரிய உலாவிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு 2009 அளவில் ‘பின்தொடராதே’ என்ற சமிக்ஞை முன்மொழியப்பட்டது; உலாவிகள் அதை அனுப்பின, தளங்கள் கண்டுகொள்ளவில்லை. கட்டாயப்படுத்தும் சட்டம் பின்னால் இல்லாததால் அதற்கான செயற்குழு 2019இல் கலைக்கப்பட்டது. இதற்கு மாறாக, அதே வகையான ‘உலகளாவிய அந்தரங்கக் கட்டுப்பாடு’ என்ற சமிக்ஞையைக் கலிபோர்னியா மாநிலம் சட்டப்படி மதிக்க வேண்டியதாக்கியது. அதை மதிக்காதது உட்பட்ட குற்றச்சாட்டுகளில் அழகுசாதன நிறுவனமான செபோரா 2022 ஓகஸ்டில் 1.2 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. இரண்டு சமிக்ஞைகளின் தொழில்நுட்பமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்று செத்தது, மற்றது உயிருடன் இருக்கிறது.

உலாவி தயாரிப்போரின் நல்லெண்ணத்தை நம்பலாமா என்றால், அது யார் தயாரிக்கிறார் என்பதைப் பொறுத்தது. அப்பிளின் சபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுமையாகத் தடுக்கிறது. பயர்பொக்ஸ், அறியப்பட்ட பின்தொடரிகளை 2019இலிருந்தே இயல்பாகத் தடுக்கிறது. உலகில் மிக அதிகமானோர் பாவிக்கும் குரோம், இரண்டு வருடங்களில் அவற்றை நீக்குவதாக 2020 ஜனவரியில் அறிவித்து, மீண்டும் மீண்டும் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அத்திட்டத்தையே கைவிட்டது. குரோமைத் தயாரிக்கும் நிறுவனம்தான் உலகின் மிகப் பெரிய இணைய விளம்பர நிறுவனமும். ஆகவே, உலாவியில் ஒருமுறை சொல்லும் சொல்லைத் தளங்கள் கேட்டாக வேண்டும் என்று சட்டம் கூற வேண்டும். ஐரோப்பிய ஆணைக்குழு 2025 நவம்பரில் முன்வைத்த திருத்த முன்மொழிவில் அந்தத் திசை தெரிகிறது. அதே பொதியில் தரவுப் பாதுகாப்பைத் தளர்த்தும் வேறு ஏற்பாடுகளும் இருப்பதாக உரிமை அமைப்புகள் எதிர்க்கின்றன. அவர்களின் அச்சத்தையும் நான் ஒதுக்கமாட்டேன்.

விளம்பரம் இல்லாவிட்டால் சிறு இதழ்கள் வாழ்வதெப்படி என்ற வாதமும் இருக்கிறது. விளம்பரத்தால் உயிர்வாழும் இதழ் ஒன்றில் எழுதுகிறவன் என்ற முறையில் அதை எளிதாகக் கடந்துபோக மாட்டேன். ஆனால் நகைக் கட்டுரைக்குப் பக்கத்தில் செட்டியார் தெரு நகைக்கடையின் விளம்பரத்தைப் போட வாசகரைப் பின்தொடர வேண்டியதில்லை. இத்தனை காலமும் அச்சில் அப்படித்தானே செய்தோம்? நெதர்லாந்துப் பொது ஒலிபரப்பின் விளம்பரப் பிரிவான ஸ்டெர், 2020இல் பின்தொடரும் குக்கிகளை முற்றாகக் கைவிட்டு, பக்கத்தின் பொருளுக்கேற்ற விளம்பரங்களுக்கு மாறியது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் வருமானம் முந்திய ஆண்டைவிடக் கூடியதாக அது அறிவித்தது.

கேள்வி: இணையத்தில் சேலை விற்கிறேன். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் லண்டன், பாரிஸ், ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்கள். குக்கி அறிவிப்புப் பலகை போட வேண்டும், மாதம் இவ்வளவு கட்டணம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. அவசியமா?
(சிறு வணிகர், தெஹிவளை)

பதில்: யூரோவில் விலை போட்டு, பாரிஸுக்கு அனுப்புவதாக அறிவித்து விற்றால், கடை தெஹிவளையில் இருந்தாலும் ஐரோப்பிய ஒழுங்குவிதி உங்களுக்கும் பொருந்தும். பிரித்தானியாவிலும் அதையொத்த சட்டம் இருக்கிறது. ஆனால் பலகைக்குப் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “என் தளம் எந்தெந்தக் குக்கிகளை வைக்கிறது, ஒவ்வொன்றும் எதற்கு?” கூடையை நினைவில் வைப்பது, வாடிக்கையாளர் உள்நுழைந்திருப்பதைக் காப்பது, கொடுப்பனவுப் பாதுகாப்பு ஆகியவை சேவைக்கு இன்றியமையாதவை, அவற்றுக்குச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியிருப்பது சமூக ஊடக விளம்பர நிரல், வருகையாளர்களை எண்ணும் அயல் நிறுவனக் கருவி போன்றவற்றுக்குத்தான். அவற்றால் உங்களுக்கு ஒரு சேலையாவது கூடுதலாக விற்றிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள், பலகையே தேவைப்படாது. மென்பொருளாளர்கள் பாவிக்கும் கிட்ஹப் என்ற பெருந்தளம் 2020 டிசம்பரில் இதைத்தான் செய்தது. அத்தியாவசியமற்ற குக்கிகளை நீக்கியது, பலகையையும் நீக்கியது. கட்டாயம் வேண்டும் என்று வைத்துக்கொள்வதாயிருந்தால், ஏற்கும் பொத்தானும் மறுக்கும் பொத்தானும் ஒரே அளவில், ஒரே வரியில், உங்கள் வாடிக்கையாளர்கள் வாசிக்கும் தமிழிலும் இருக்கட்டும். சம்மதம் கிடைக்கும்வரை நிரல் இயங்கக் கூடாது. பலகை தொங்கிக்கொண்டிருக்கப் பின்னால் குக்கி ஏற்கெனவே வந்துவிடும் தளங்கள் ஏராளம். உங்களுடையது அப்படி இருக்க வேண்டாம்.

கேள்வி: ‘மறைநிலை’ச் சாளரத்தில் திறந்தால் யாருக்கும் தெரியாது என்கிறார்களே?
(மாணவி, மட்டக்குளி)

பதில்: உங்கள் கணினியை அடுத்துப் பாவிப்பவருக்குத் தெரியாது, சாளரத்தை மூடியவுடன் குக்கிகளும் வரலாறும் அழிந்துவிடும். நீங்கள் போகும் தளத்துக்கும், இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்துக்கும், பல்கலைக்கழகத்து வைபை என்றால் அதை நடத்துவோருக்கும் நீங்கள் வந்து போனது தெரிய வாய்ப்புண்டு. மறைநிலையிலும் தரவு சேகரித்ததாக அமெரிக்காவில் கூகுள்மீது 2020இல் தொடரப்பட்ட வழக்கு, பல பில்லியன் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் உடன்பட்ட இணக்கத்தில் 2024இல் முடிந்தது. வெள்ளவத்தைச் சகோதரிக்கு இது ஓரளவு உதவியிருக்கும். முழுமையான திரை என்று நம்ப வேண்டாம்.

கேள்வி: ஐரோப்பாவைப் பற்றியே பேசுகிறோம். இலங்கையிலும் 2022இல் ஒரு சட்டம் வந்ததே? அது எங்கே?
(சட்டத்துறை மாணவர், வத்தளை)

பதில்: தக்க கேள்வி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மார்ச்சில் சான்றுரைக்கப்பட்டது. தெற்காசியாவில் இத்துறையில் முந்திக்கொண்ட நாடுகளுள் நாம் ஒருவர். இந்தியா தன் சட்டத்தை 2023இல்தான் இயற்றியது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அமைப்பதற்கான பாகம் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மக்களின் உரிமைகளையும் நிறுவனங்களின் கடமைகளையும் கூறும் பாகங்கள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பின்போடப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் பாராளுமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டைக் கட்டிக் கதவைப் பூட்டி வைத்திருப்பதுபோல் இந்தத் தாமதம் எனக்குத் தோன்றுகிறது.

அச்சட்டத்தில் குக்கிக்கென்று தனிப்பிரிவு இல்லை. ஆனால் ஒருவரை அடையாளம் காட்டும் விபரங்களுள் ‘இணையவழி அடையாளங்காட்டி’யையும் அது சேர்த்திருக்கிறது, குக்கியின் இலக்கம் அதற்குள் அடங்கும் என்பதே என் வாசிப்பு. இலங்கையில் இருப்போரின் நடத்தையைக் கண்காணிக்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அது தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது. உடல்நலத் தரவு விசேட வகைக்குள் வருகிறது. சம்மதம் சுதந்திரமானதாகவும் குறிப்பானதாகவும் விளங்கிக்கொண்டு தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதைக் கேட்கும் வேண்டுகோள் தெளிவான, எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. மீறலுக்குப் பத்து மில்லியன் ரூபா வரை தண்டம். காகிதத்தில் குறையொன்றும் பெரிதாக இல்லை.

‘தெளிவான, எளிய மொழி’ என்ற சொற்களில் நான் சற்று நின்று பேச வேண்டும். இந்த நாட்டில் தமிழும் அரச கரும மொழி. ஆனால் நம் கைத்தொலைபேசிகளில் சம்மதம் கேட்கும் எந்தத் திரையும், உள்ளூர் நிறுவனங்களுடையது உட்பட, எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. கடந்த மாதம் ஓர் உள்ளூர்ச் செயலியை என் அயலவர் ஒருவருக்கு நிறுவிக் கொடுத்தேன். எழுபது வயதைக் கடந்தவர். நாளிதழை முதல் வரி முதல் கடைசி வரி வரை தமிழில் வாசிப்பவர். செயலியின் பட்டியல்கள் தமிழில் அழகாக இருந்தன. பொருள் வாங்கும் இடம் தமிழ், பணம் கட்டும் இடம் தமிழ். அந்தரங்கக் கொள்கை மட்டும் ஆங்கிலம், பதினான்கு பக்கம். “என்ன எழுதியிருக்கிறார்கள் தம்பி?” என்று கேட்டார். தொடர்பெண்களின் பட்டியலையும் இருக்குமிடத்தையும் ‘பங்காளர்களுடன்’ பகிர்வதாக எழுதியிருந்தது. வாசித்துச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, “அது என் தங்கச்சிமாருடைய நம்பர்கள், அவர்களைக் கேட்காமல் நான் எப்படி ஓம் என்று சொல்வது?” என்றார். சட்டம் படித்த எவரும் எனக்கு இதுவரை சம்மதத்தை இவ்வளவு சரியாக விளக்கியதில்லை. செயலியை நிறுவவில்லை.

நீங்கள் சட்டம் படிப்பவர் என்பதால் ஒரு வேண்டுகோள். அதிகாரசபை விதிகளையும் வழிகாட்டல்களையும் ஆக்கும்போது பொதுமக்களின் கருத்துகள் கேட்கப்படுமானால், இரண்டு வரிகளை எழுதி அனுப்புங்கள்: செயலியோ தளமோ எந்த மொழியில் விற்கிறதோ அந்த மொழியில் சம்மதமும் கேட்கப்பட வேண்டும், மறுக்கும் பொத்தான் ஏற்கும் பொத்தானின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நானும் அனுப்புவேன். நம் அரசியலமைப்பில் அந்தரங்கம் தனித்ததோர் அடிப்படை உரிமையாகக் கூறப்படவில்லை. தகவல் அறியும் உரிமையைத் தரும் 14அ உறுப்புரையில், அந்த உரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களுள் ஒன்றாகவே அந்தச் சொல் வருகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஓகஸ்டில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது போன்ற தீர்ப்பு நம்மிடம் இல்லாத நிலையில், 2022ஆம் ஆண்டுச் சட்டமே நமக்கிருக்கும் பலமான பிடி.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியதைப் பார்த்து எல்லாக் குக்கிகளையும் அழித்தேன். இப்போது வங்கித் தளம் ஒவ்வொரு முறையும் கைத்தொலைபேசிக்கு இரகசிய இலக்கம் அனுப்பிக் கேட்கிறது. எதையாவது பழுதாக்கிவிட்டேனா?
(இல்லத்தரசி, கிராண்ட்பாஸ்)

பதில்: இல்லை, அம்மா. உங்கள் கணினி ஏற்கெனவே தெரிந்தது என்பதை நினைவில் வைத்த வங்கியின் சொந்தக் குக்கியும் மற்றவற்றுடன் போய்விட்டது; அதனால் புதியவர்போல் விசாரிக்கிறது. இலக்கத்தைக் கொடுத்து, ‘இந்தக் கருவியை நினைவில் வைத்துக்கொள்’ என்ற தெரிவு இருந்தால், அது உங்கள் வீட்டுக் கணினி என்பதால் ஓம் என்று அழுத்துங்கள். இரகசிய இலக்கத்தைத் தொலைபேசியில் அழைத்து எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். அடுத்த முறை அழிக்கும்போது, உலாவி அமைப்புகளில் தளங்களின் பட்டியலைத் திறந்து, வங்கியின் பெயரை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் நீக்குங்கள். பட்டியலில் நீங்கள் ஒருபோதும் போகாத தளங்களின் பெயர்களும் இருக்கும். அவற்றிலிருந்தே தொடங்கலாம்.